நேபாளத்தில் ராஃப்டிங்: திரிசூலி ஆற்றைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்விகள்

காத்மாண்டு, பொக்காரா, முக்திநாத் என்று நேபாளம் கிளம்புகிறவர்கள் யாராக இருந்தாலும், வழியில் ராஃப்டிங் உண்டு என்று தெரிந்ததும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் திரிசூலி ஆற்றை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஆறுகள் தேவைப்பட்ட இடத்தில் வரும்.

ராஃப்டிங்னா சரியா என்ன? ஒகேனக்கல் பரிசல் மாதிரிதானே?

ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்பு போடுவார், நாம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். ராஃப்டிங்கில் துடுப்பு உங்கள் கையில் இருக்கும். காற்றடைத்த தடித்த ரப்பர் படகில் ஆறிலிருந்து எட்டுப் பேர் இரண்டு பக்க விளிம்பிலும் உட்கார, கைடு பின்னால் இருந்து திசை சொல்வார். பாறைகளுக்கு நடுவே நுரை பொங்க ஓடும் நீரில், அவர் சொல்கிறபடி எல்லோரும் சேர்ந்து துடுப்பு போட்டு இறங்கிப் போவதுதான் ராஃப்டிங்.

படகைத் தண்ணீரே இழுத்துக்கொண்டு போகுமே, துடுப்பு எதற்கு என்று கேட்பார்கள். நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்கும் படகைத் திருப்புவது கடினம். ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் அது கைடுக்குக் கட்டுப்படும். அந்த வேகத்தைக் கொடுப்பது நீங்கள் போடும் துடுப்பு. படகுக்குள் தனித்தனிக் காற்றறைகள் இருப்பதால் ஒன்று கிழிந்தாலும் படகு மிதக்கும். உள்ளே கொட்டுகிற தண்ணீர் அடித்தளத்தின் ஓட்டைகள் வழியே தானே வெளியேறிவிடும்.

எனக்கு நீச்சலே தெரியாது. வரலாமா?

சரியான மாதத்தில், திரிசூலி மாதிரி ஆற்றில், உடம்போடு ஒட்டிய லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரலாம். நீச்சல் தெரியாத பலர் வருகிறார்கள். வேகமான ஆற்றில் நம்மை மேலே வைத்திருப்பது ஜாக்கெட்தான். நல்ல நீச்சல்காரர் ஜாக்கெட் இல்லாமல் அந்த நுரையில் இறங்கினால் அவரும் திணறுவார். நுரையில் பாதி காற்று, அதில் உடம்பு சரியாக மிதக்காது.

நீச்சல் தெரியாததைவிட, முகம் தண்ணீருக்குள் போனால் பதறுகிற பழக்கம்தான் பெரிய சிக்கல். கிளம்புவதற்கு முன் உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதந்து பாருங்கள். தலையை முக்கி எடுத்து, மூச்சை அடக்கி, நிதானமாக விடப் பழகுங்கள். ஒரு வாரம் போதும். அப்புறம், படகில் ஏறும் முன் கைடிடம் நீச்சல் தெரியாது என்று கட்டாயம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். யாரை எங்கே உட்கார வைப்பது, விழுந்தால் யாரை முதலில் தூக்குவது என்று அவர் அதை வைத்துத்தான் திட்டமிடுவார்.

கிரேடு 3, கிரேடு 4னு போட்டிருக்காங்களே, அப்படின்னா?

ஆற்றின் கடினத்தை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை அளக்கிறார்கள். 1 என்பது மெல்ல நகரும் தண்ணீர். 2-இல் சின்ன அலைகள், வழி தெளிவாகத் தெரியும். 3-இல் ஒழுங்கற்ற அலைகள் படகுக்குள் ஏறி அடிக்கும், திருப்பங்களில் துல்லியம் வேண்டும். 4-இல் வேகமும் பலமும் கூடும், ஒரு திருப்பம் தவறினால் விளைவு உண்டு. 5 அனுபவசாலிகளுக்கு. 6-இல் படகு விடுவதை எல்லையைத் தொடுகிற வேலை என்றே சொல்ல வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்த எண் ஆற்றின் நிரந்தர அடையாளம் இல்லை. நவம்பரில் 3 என்று இருக்கும் இடம் தண்ணீர் ஏறியதும் 4 ஆகிவிடும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்பதைவிட, "இந்த வாரம் தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள். திரிசூலியில் வழக்கமான பருவத்தில் பெரும்பாலும் 3, சில இடங்களில் அதற்குக் கொஞ்சம் மேல். முதல் முறைக்கு அது போதும். போதும் என்றால் ஒப்புக்கு இல்லை, நெஞ்சு படபடக்கிற அளவுக்கே போதும்.

நேபாளத்துல அத்தனை ஆறு இருக்கே. எதுல போறது?

முதல் முறை என்றால் திரிசூலி. காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போகும் பிருத்வி நெடுஞ்சாலை நெடுந்தூரம் இந்த ஆற்றை ஒட்டியே போகிறது. எந்த இடத்தில் பிரச்சினை என்றாலும் கரையேறினால் சாலை. முதல் முறை போகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பேனிகாட்டில் புடி கண்டகி வந்து கலந்தபின் தண்ணீர் நன்றாகக் கூடுகிறது. சரௌடியில் ஏறி குரிந்தார் பக்கம் இறங்குவது வழக்கமான ஒரு நாள் பயணம்.

குளிருக்குப் பயப்படுகிறவர்களுக்குக் கீழ் சேத்தி நல்லது. தமௌலியிலிருந்து இரண்டு நாள் பயணம், தண்ணீர் இதமாக இருக்கும், அலைகளும் சிறியவை. திபெத் எல்லைப் பக்கமிருந்து செங்குத்தாக இறங்கும் போட்டே கோசி இதற்கு நேர் எதிர். கிரேடு 4, 5 என்று மூச்சு விட நேரம் தராத ஆறு. நீச்சல் தெரியாதவர்களும் முதல் முறை வருகிறவர்களும் அதன் பக்கம் போக வேண்டாம். கும்பலில் ஒருவர் "அதுதான் த்ரில்" என்று இழுப்பார். அவர் மட்டும் போகட்டும்.

ரிஷிகேஷ்லயே ராஃப்டிங் இருக்கே, எதுக்கு நேபாளம்?

ரிஷிகேஷ் கங்கையும் அருமையான ஆறுதான். ராஃப்டிங்குக்காக மட்டும் கிளம்புகிறீர்கள், கையில் இரண்டு நாள்தான் என்றால் ரிஷிகேஷே போங்கள். எப்படியும் நேபாளம் போகிறீர்கள் என்றால் திரிசூலியை விடாதீர்கள். ஒரு நாளிலிருந்து பத்து நாள் வரை வெவ்வேறு குணமுள்ள ஆறுகள் ஒரே நாட்டில் கிடைப்பது அங்கே உள்ள வசதி.

எந்த மாசம் போகணும்? எங்களுக்கு ஆகஸ்ட்லதான் லீவு.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மிக நல்ல காலம். மழைநீர் வடிந்து, ஆறு சாம்பல் பழுப்பிலிருந்து பச்சை கலந்த நீலத்துக்கு மாறியிருக்கும். மார்ச்சிலிருந்து மே தொடக்கம் வரை இரண்டாவது நல்ல காலம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஆறு சாது, குளிர்தான் கடுமை. பள்ளி விடுமுறையோடு போகிறவர்கள் ஏப்ரல் கடைசி வாரத்துக்குத் திட்டமிட்டால் சரியாக இருக்கும்.

ஆகஸ்டில் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. ஆறு மண்ணும் மரமும் உருட்டிக்கொண்டு வரும். சில நிறுவனங்கள் மென்மையான பகுதிகளில் அப்போதும் படகு விடுகிறார்கள் என்றாலும், ஆற்றுக்குப் போய்ச் சேரும் சாலையே பெரிய ஆபத்து. 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட்–முக்லிங் சாலையில் சிமல்தாலில் மலை சரிந்து இரண்டு பேருந்துகளைத் திரிசூலிக்குள் தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் பெய்த பேய்மழையில் காத்மாண்டுக்குள் நுழையும் நெடுஞ்சாலையிலேயே வண்டிகள் மண்ணில் புதைந்தன. ஆகவே செப்டம்பர் முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டு அக்டோபர் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.

பாஸ்போர்ட் வேணுமா? ஆதார் போதும்னு சொல்றாங்க.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் அடையாள ஆவண விதியில் தளர்வு உண்டு. பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் டிக்கெட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும்.

ரயிலில் கோரக்பூர் வந்து சுனௌலி எல்லை தாண்டிப் போகிறவர்கள் காத்மாண்டு வரை போக வேண்டியதே இல்லை. நாராயண்காட், முக்லிங் வழியாக வந்தால் குரிந்தார் பக்கம்தான். இந்திய ரூபாய் 100-க்கு நேபாள ரூபாய் 160 என்பது நிலையான விகிதம். யாராவது குறைத்துக் கொடுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அம்மா அப்பாவோட முக்திநாத் போறோம். நடுவுல ஒரு நாள் நாங்க மட்டும் ராஃப்டிங் போக முடியுமா?

தாராளமாக. தமிழ்நாட்டிலிருந்து அங்கே போகிறவர்களில் பாதிப்பேர் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்கிற முக்திநாத்தைச் சேவிக்கப் போகிறவர்கள்தானோ என்று தோன்றும், அந்த அளவுக்கு இந்தக் கேள்வி வருகிறது. காத்மாண்டு–பொக்காரா பாதையில் போகிறவர்கள் குரிந்தாரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கேதான் மனகாமனா பகவதி கோயிலுக்குப் போகும் கேபிள் கார் நிலையம், 1998-இலிருந்து ஓடுகிறது. பெரியவர்கள் கேபிள் காரில் ஏறி அம்மனைத் தரிசித்து வரட்டும், நீங்கள் சரௌடியில் படகு ஏறி குரிந்தாரில் இறங்குங்கள். மதியத்துக்கு மேல் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து பொக்காராவுக்கோ காத்மாண்டுக்கோ கிளம்பலாம். வண்டிக்காரரிடமும் ராஃப்டிங் நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எளிதாக நடக்கும்.

முக்திநாத் முடித்துத் திரும்பும்போது இதை வைத்துக்கொள்வது நல்லது. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். நனைந்து சளி பிடித்துக்கொண்டு அந்த உயரத்துக்குப் போகக் கூடாது. பொக்காரா–ஜோம்சோம் விமானம் காற்றாலும் மேகத்தாலும் அடிக்கடி ரத்தாகும். அதற்காகக் கடைசியில் ஒரு உபரி நாள் வைத்திருப்பீர்கள் இல்லையா, விமானம் சரியாகப் பறந்துவிட்டால் அந்த நாளை ஆற்றுக்குக் கொடுங்கள்.

என்ன டிரஸ் போடறது? கண்ணாடி போட்டிருக்கேன், என்ன செய்ய?

சீக்கிரம் உலர்கிற செயற்கை இழை உடை. பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். துப்பட்டா, புடவை, தொங்கும் கயிறுள்ள சட்டை எதுவும் கூடாது, படகின் கயிற்றிலோ மரக்கிளையிலோ மாட்டும். காலில் பின்பட்டை உள்ள செருப்பு அல்லது பழைய ஷூ. ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். நவம்பருக்கு மேல் போகிறீர்கள் என்றால் நீர்க்குளிர் தாங்கும் உடை தருவார்களா என்று கேளுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தாலிக்கொடியைத் தவிர மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். தாலியை ஜாக்கெட்டுக்குள் சட்டைக்கடியில் இறுக்கமாக வைத்துக்கொண்டால் போதும். போன் வேண்டாம். படம் எடுக்க நிறுவனமே ஆள் வைத்திருக்கும், இல்லாவிட்டால் கரையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்காக ஒரு கையைத் துடுப்பிலிருந்து எடுக்கிறவர்தான் பெரும்பாலும் விழுகிறார்.

அன்னைக்கு என்னென்ன நடக்கும்?

காத்மாண்டுவிலிருந்து காலை ஏழு மணி வாக்கில் வண்டி கிளம்பும். சாலை வேலையைப் பொறுத்து மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். கரையில் ஹெல்மெட், ஜாக்கெட், துடுப்பு தருவார்கள். அப்புறம் கைடு பேசுவார். அந்தப் பேச்சுதான் அன்றைய நாளிலேயே முக்கியமான நேரம், செல்ஃபி எடுக்காமல் கேளுங்கள். "ஃபார்வர்ட்" என்றால் முன்னால் துடுப்பு, "பேக்" என்றால் பின்னால், "ஸ்டாப்" என்றால் நிறுத்தம், "கெட் டவுன்" என்றால் படகுக்குள் குனிந்து உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பது, "ஓவர் லெஃப்ட்", "ஓவர் ரைட்" என்றால் எல்லோரும் அந்தப் பக்கத்துக்குத் தாவுவது. கட்டளைகள் ஆங்கிலத்தில்தான். பெரியவர் யாராவது வந்தால் முந்தின நாளே சொல்லிக் கொடுங்கள். துடுப்பின் மேல்நுனிக் கைப்பிடியை எந்த நிலையிலும் விடக் கூடாது. அதை விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும்.

முதல் பத்து நிமிடம் அமைதியான தண்ணீரில் ஒத்திகை. பிறகு ஒரு வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்க ஆரம்பிக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆறு அங்கே ஒரு கோடாக முடிந்துவிடுவதுபோல் இருக்கும். கிட்டே போகப் போகத் தண்ணீர் வழுவழுப்பாகி, கண்ணாடி மாதிரி ஒரு நாக்கு நடுவில் இறங்குவது தெரியும். அதன் நுனி கீழ்நோக்கிக் கூம்பியிருந்தால் அதுதான் வழி. கூம்பு மேல்நோக்கி இருந்தால் அடியில் பாறை. கைடு "ஃபார்வர்ட்" என்று கத்துவார், படகு மூக்கு கீழே சாயும், அடுத்த நொடி முன்வரிசை முழுக்கப் பனிநீர் முகத்தில் அறையும். மூச்சு ஒரு கணம் நின்றுவிடும். பயத்தில் துடுப்பை மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றும். வைக்காதீர்கள். துடுப்பு தண்ணீரைப் பிடித்திருக்கும்போது அதுவே உங்களுக்கு ஒரு பிடிமானம். ஏறி, இறங்கி, ஏறி, கடைசி அலையைத் தாண்டியதும் படகில் உள்ள எல்லோரும் காரணமே இல்லாமல் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் துடுப்பை உயர்த்தி ஒன்றோடொன்று தட்டிக்கொள்வார்கள். அடுத்த இரைச்சல் கேட்கிற வரை அந்தச் சிரிப்பு ஓயாது. இதற்காகத்தான் இத்தனை தூரம் போகச் சொல்கிறேன்.

இந்த இரைச்சல் இடங்களுக்குக் கைடுகள் "லேடீஸ் டிலைட்", "அப்செட்", "சர்ப்ரைஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பக்கத்து ஓடைகள் மழைக்காலத்தில் உருட்டி வந்த பாறைகள் ஆற்றை நெருக்குகிற இடங்கள். அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் சில இடங்களின் குணம் மாறியிருக்கிறது. இறங்கியதும் பருப்பு, சோறு, காய்கறி, அச்சார் என்று சாப்பாடு. சைவம் தாராளமாகக் கிடைக்கும்.

தண்ணிக்குள்ள விழுந்துட்டா என்ன பண்றது?

விழுவது விபத்து இல்லை, ராஃப்டிங்கில் நடக்கிற விஷயம். முதலில் குளிரால் மூச்சு இரைக்கும், சில நொடிகளில் அடங்கும். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் ஓட்டம் போகும் திசைக்கு நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். பாறை வந்தால் காலால் தள்ளிக்கொள்ளலாம். அலையின் பள்ளத்தில் மூச்சை இழுங்கள், உச்சியில் வாயை மூடுங்கள். கைடு பை ஒன்றை வீசுவார், அதிலிருந்து கயிறு விரிந்து வரும். பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்து, தோளுக்கு மேல் போட்டு, மல்லாந்தபடியே இருங்கள். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

செய்யவே கூடாதது ஒன்று: ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்பது. முழங்கால் ஆழம்தான் என்று நிற்கப் பார்த்தால் பாதம் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், தண்ணீர் முதுகில் மோதி ஆளை முன்னால் மடக்கிவிடும். ஆறுகளில் உயிர் போகிற முக்கியக் காரணங்களில் இது ஒன்று. தண்ணீர் நின்று, கை தரையில் படுகிற வரை படுத்தே இருங்கள்.

படகே கவிழ்ந்துட்டா?

மேலே சொன்ன அதே நிலைதான், கூடவே இரண்டு விஷயம். கவிழ்ந்த படகுக்கு அடியில் போய்விட்டால் பதற வேண்டாம், அங்கே காற்று இருக்கும். கையை மேலே வைத்துப் படகின் அடியைத் தடவியபடி ஒரே திசையில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். வந்ததும் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடியுங்கள். ஓட்டம் போகும் திசையில் படகுக்கு முன்னால் இருக்காதீர்கள், படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டக் கூடாது. கைடு ஏறி நின்று பட்டையை இழுத்துப் படகைத் திருப்பிவிடுவார். திரிசூலியில் வழக்கமான தண்ணீரில் கவிழ்வது அபூர்வம்.

சுழி இழுத்துட்டுப் போயிடும்னு ஊர்ல சொல்லுவாங்களே?

காவிரி, தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்கள் இந்தப் பயத்தோடுதான் வருவார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. இங்கே நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் வேறு வகை. பாறை மேல் வழிந்து விழும் தண்ணீர், கீழே போய்த் திரும்ப மேலே சுருண்டு பாறையை நோக்கியே வரும். அதில் மாட்டினால் சில சுற்றுகள் உருட்டும். ஜாக்கெட் மேலே தூக்கும், அடிநீரோட்டம் வெளியே தள்ளும். விடவில்லை என்றால் உடம்பைச் சுருட்டிக்கொண்டால் ஆழமான ஓட்டம் பிடித்து இழுத்துப் போகும். பெரிய சுருள்கள் எங்கே இருக்கின்றன என்று கைடுகளுக்குத் தெரியும், அவற்றைச் சுற்றித்தான் போவார்கள்.

இதைவிட நான் அஞ்சுவது ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்துக்கு. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும், ஆள் போக முடியாது. அப்படி ஒன்று எதிரே வந்தால் மட்டும் மல்லாந்த நிலையை விட்டுக் குப்புறப் புரண்டு, முழு வேகத்தில் பக்கவாட்டில் நீந்துங்கள்.

குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? பீரியட்ஸ் டைம்ல? பி.பி. இருக்கு, பரவாயில்லையா?

குழந்தைக்கு வயதைவிட ஜாக்கெட் அளவு முக்கியம். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காது வரை ஏறுகிறதா? அப்படியானால் அந்தக் குழந்தை வர வேண்டாம். பெரியவர்களுக்கும் இதே சோதனைதான். பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல், சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்றால் நவம்பரில் கூட்டிப் போகலாம். நாள் முழுக்க இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே இருக்கிற பிள்ளை என்றால் இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.

மாதவிடாய் ஒரு தடையே இல்லை. டாம்பன் அல்லது கப் பயன்படுத்துங்கள், நாப்கின் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கர்ப்பிணிகள் கூடாது. இதய நோய், வலிப்பு, அடிக்கடி விலகும் தோள்மூட்டு, சமீபத்திய முதுகு அறுவை சிகிச்சை உள்ளவர்கள் வேண்டாம். கட்டுப்பாட்டில் இருக்கும் பி.பி. என்றால் மருத்துவரிடம், குளிர்ந்த நீரில் திடீரென விழ நேரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த கம்பெனி நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தாமேல்ல எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க.

காத்மாண்டு தாமேல் கடைகளில் பலர் தரகர்கள். உங்களிடம் பணம் வாங்குபவர் படகு வைத்திருப்பவராக இருக்க மாட்டார். ஆகவே முதல் கேள்வி: "படகு யாருடையது?" அடுத்தது: கூடவே பாதுகாப்புக் கயாக் வருமா? தனி ஆள் சிறு படகில் முன்னால் போய் விழுந்தவர்களைப் பிடிப்பார். ஒரே ஒரு ராஃப்ட் மட்டும், துணைக்கு எதுவும் இல்லாமல் போகிறது என்றால் ஏறாதீர்கள். கைடுக்கு வேகநீர் மீட்புப் பயிற்சிச் சான்று இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி படகில் வருமா, எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். நேபாள ராஃப்டிங் நிறுவனங்களுக்கு "நாரா" என்ற சங்கம் இருக்கிறது. அதில் உறுப்பினரா என்று கேட்பதும் உதவும்.

கரைக்கு வந்த பிறகும் முடிவை மாற்றலாம். ஜாக்கெட்டின் கொக்கி உடைந்திருக்கிறது, ஹெல்மெட் ஆடுகிறது, கைடு விளக்கமே சொல்லாமல் ஏறச் சொல்கிறார், அவரிடம் மது வாசனை வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏறாதீர்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும். பத்துப் பேர் கும்பலில் ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்களும் திறப்பார்கள். விலை குறைவாக இருக்கும்போது பெரும்பாலும் குறைந்திருப்பது அந்தக் கயாக்கும் அனுபவமுள்ள கைடும்தான்.

டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தாச்சு. ராஃப்டிங்குக்கும் அது செல்லும்தானே?

தானாகச் செல்லும் என்று நினைக்காதீர்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இருக்கும், தனியாகக் கூடுதல் தொகை கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் எந்த கிரேடு வரை என்று வரம்பு இருக்கலாம். முன்பு சொன்ன மாதிரி கிரேடு தண்ணீரோடு மாறும் என்பதால், 3 வரை மட்டும் என்ற பாலிசியோடு தண்ணீர் ஏறிய நாளில் போனால் சிக்கல். ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அடங்குமா என்பதையும் பாருங்கள். முக்திநாத் உயரத்துக்கும் அது உதவும்.

போன அன்னைக்கு கைடு "இன்னைக்கு வேண்டாம்"னு சொல்லிட்டா? பணம் போச்சா?

முன்பணம் கட்டும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் காரணமாக ரத்தானால் பணமா, வேறு நாளா, வேறு ஆறா என்று. நல்ல நிறுவனங்கள் மூன்றில் ஒன்றைத் தருவார்கள். அப்படிச் சொல்லும் கைடோடு வாதாடாதீர்கள், அவரைக் கட்டாயப்படுத்தி இறங்க வைக்காதீர்கள். அன்றைய கூலியை விட்டுக்கொடுத்து ஒருவர் வேண்டாம் என்கிறார் என்றால், அவரை நம்பி அடுத்த முறையும் அவரிடமே போகலாம்.

மழை இல்லாத நாள்ல போனா வெள்ளம் வராதுல்ல?

வெயில் அடிக்கிற நாளிலும் வரலாம். திரிசூலி திபெத்தில் தொடங்கி ரசுவா வழியாக நேபாளத்துக்குள் வருகிறது. 2025 ஜூலை 8 அன்று அதிகாலை ரசுவாகடியில் நேபாள–சீன நட்புப் பாலத்தையே வெள்ளம் அடித்துப் போனது. மேலே திபெத்தில் பனிப்பாறை மீது தேங்கியிருந்த ஏரி ஒன்று திடீரென வடிந்ததுதான் காரணம் என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த மேல்பகுதி ஆற்றையும் உள்ளூரில் போட்டே கோசி என்பார்கள். நாம் முன்பு பார்த்த ராஃப்டிங் போட்டே கோசி வேறு, கிழக்கே இருப்பது.

இப்படிப்பட்டவை கோடையிலும் மழைக்காலத்திலும்தான் அதிகம் நடக்கின்றன. நான் சொன்ன மாதங்களில் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் கரையில் முகாம் போட்டால் தண்ணீரிலிருந்து உயரமான இடத்தில் போடச் சொல்லுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, குச்சியும் நுரையும் அதிகமாக மிதந்து வந்தாலோ, உடனே கைடிடம் சொல்லி மேலே ஏறுங்கள்.

அணை கட்டி இந்த ஆறெல்லாம் போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

கொஞ்சம் உண்மை. ஒரு காலத்தில் உலகின் மிகச் சிறந்த வெள்ளைநீர் (நுரை பொங்க ஓடும்) ஆறுகளில் ஒன்றாகப் பேசப்பட்டது மர்ஸ்யாங்டி. 70 மெகாவாட் மத்திய மர்ஸ்யாங்டி மின்நிலையம் 2008-இல் வந்தபின் அதில் தொடர்ந்து பல நாள் போகிற பயணம் முடிந்துபோனது. 144 மெகாவாட் காளி கண்டகி "ஏ" நிலையம் 2002-இல் வந்தபோது காளி கண்டகியின் ராஃப்டிங் தூரம் சுருங்கியது. புடி கண்டகியில் 1,200 மெகாவாட் அணைத் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது பேனிகாட்டுக்கு மேலேயே அமைகிறது, வந்தால் திரிசூலிக்கு வரும் தண்ணீரின் போக்கும் மாறும்.

குளிர்கால இரவுகளில் மணிக்கணக்கில் இருளில் கிடந்த நாடு அது, மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் ஓடுகிற ஆறு கைடுகளுக்கும் சமையல்காரர்களுக்கும் கரையோரக் கடைகளுக்கும் வருடம் தவறாமல் சோறு போடுகிறது. ஒரு சில ஆறுகளையாவது அணையில்லாமல் விட வேண்டும் என்று அங்கே கேட்கிறவர்களின் பக்கம்தான் நான்.

ஒரு நாள் திரிசூலி போயாச்சு, ரொம்பப் பிடிச்சிருச்சு. அடுத்து எங்க?

சுன் கோசி. டோலால்காட்டில் தொடங்கி தராய் சமவெளி ஆரம்பிக்கும் சதாரா வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர், எட்டிலிருந்து பத்து நாள். இரவில் மணல் திட்டில் கூடாரம், காலையில் மறுபடி படகு. முதல் நாட்களில் ஆறு மெதுவாகப் பழக்கும், போகப் போகத் துணை ஆறுகள் சேர்ந்து பெரிதாகும். பக்கத்தில் சாலை இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு என்பதால், திரிசூலியைப் போல நடுவில் இறங்கிவிட முடியாது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், நிறுவனத்தைப் பற்றிய பதிலில் சொன்ன எல்லாக் கேள்விகளையும் இங்கே இரண்டு மடங்கு கறாராகக் கேட்க வேண்டும். அக்டோபர் கடைசி அல்லது நவம்பர். சதாராவில் இறங்கி பிராட்நகர் போய், ஜோக்பனி எல்லை தாண்டினால் பீகாரில் ரயில் பிடித்துவிடலாம், காத்மாண்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.